கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது

நான் கட்டமைப்புப் பொறியாளனாக வேலைக்குச் சேர்ந்தபோது, அலுவலகத்தின் மூத்த பொறியாளர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பழக்கம், கணினி காட்டும் தாங்கி எதிர்விசைகளையெல்லாம், அதாவது சுவர், தூண் போன்ற தாங்கிகள் சுமையை எதிர்த்து மேலே தள்ளும் விசைகளையெல்லாம் கூட்டி, நாங்கள் கையால் போட்ட மொத்தச் சுமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. "தம்பி, ரியாக்‌ஷன் கூட்டிப் பார்த்தியா?" என்று கேட்காமல் அவர் எந்தத் தாளையும் கையில் வாங்கியதில்லை. கூட்டுத்தொகை பொருந்தினால் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு டிக் போடுவார். பொருந்தாவிட்டால் தாள் மறுபேச்சின்றித் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அந்த டிக் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியில்லை என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தது ஒரு சமுதாயக் கூடத்தின் கூரை.

கூடம் 8 மீட்டருக்கு 10 மீட்டர். சுற்றிலும் சுமை தாங்கும் செங்கற்சுவர், மேலே 150 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம், நடுவில் 8 மீட்டர் பக்கத்துக்கு இணையாக 230க்கு 750 அளவில் ஓர் உத்தரம். தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன், அதன் மேல் வெயிலும் மழையும் தாக்காமலிருக்கப் போடும் வெதரிங் கோர்ஸுக்கும் ஓட்டுக்கும் 1.75, ஆட்கள் ஏறி நடப்பதற்கு 1.5, ஆக மொத்தம் 7. எண்பது சதுர மீட்டருக்கு 560 கிலோநியூட்டன். உத்தரத்தின் எடை 34.5, இரண்டும் சேர்ந்து 594.5. கணினி காட்டிய எதிர்விசைகளைக் கூட்டினால் அட்சரம் பிசகாமல் 594.5 வந்தது. நானே மனத்துக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டு, கம்பிக் கணக்குக்குப் போய்விட்டேன்.

உத்தரத்துக்கு மென்பொருள் கேட்ட கம்பி, பார்க்கவே சிரிப்பு வருமளவுக்குக் குறைவாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தளமே நல்ல கனம், அதுவே பெரும்பகுதியைச் சுமக்கிறது போலும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பொறியாளன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களைப் போல ஆபத்தானது வேறெதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த தோழிதான், சுமையேறிய பின் தளம் வளைந்து நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். திரையில் தளம் நடுவில் 23 மில்லிமீட்டர் தொங்கிக் கிடந்தது. அதன் அடியில் இருக்க வேண்டிய உத்தரம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இறங்கியிருந்தது. அதாவது, எங்கள் கணக்கில் தளமானது கான்கிரீட் உத்தரத்துக்குள் புகுந்து, 22 மில்லிமீட்டர் கீழே போய் நின்றது.

நடந்தது மிகச் சாதாரணமான தவறு. தளத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து முடித்த பிறகு உத்தரத்தை ஒரே நீளக் கோடாக வரைந்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு இரு முனைகளில் மட்டுமே கணுக்கள், அதாவது மற்றவற்றோடு இணையும் புள்ளிகள், இருந்தன. தளத்தின் கணுக்கள் உத்தரத்துக்கு நேர் மேலே, அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரே திண்ணையில் அருகருகே உட்கார்ந்திருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல, தளம் தன் சுமையைத் தானே சுவர்களுக்குக் கொண்டுபோனது, உத்தரம் தன் எடையைத் தானே சுமந்தது. இரண்டு தனித்தனிக் கட்டமைப்புகளும் தனித்தனியே சமநிலையில்தான் இருந்தன; ஆகவே கூட்டுத்தொகையில் குறையேதும் இல்லை. கெட்டுப்போயிருந்தது சமநிலை அன்று, இணக்கம்.

இந்த இரண்டு சொற்களையும் கல்லூரியில் நாங்கள் சேர்த்தே படித்தோம், சேர்த்தே மறந்தோம். சமநிலை என்பது விசைகளைப் பற்றியது: ஒவ்வொரு புள்ளியிலும், வெட்டியெடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு துண்டிலும், விசைகளும், திருப்பவோ வளைக்கவோ முயலும் திருப்புத்திறன்களும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். இணக்கம் என்பது அசைவுகளைப் பற்றியது: பொருள் உருமாறிய பின்னும் எங்கும் பிளவுபடாமல், ஒன்றுக்குள் ஒன்று புகாமல், தாங்கிகள் விடும் அளவுக்கு மேல் நகராமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பது பொருளின் குணம், அதாவது எவ்வளவு தகைவுக்கு (ஓரலகு பரப்பில் உள்ள விசைக்கு) எவ்வளவு திரிபு (நீளத்தில் எத்தனை பங்கு மாற்றம்) என்பது. கட்டமைப்பியலில் மற்றதெல்லாம் இந்த மூன்றின் விரிவுரைதான்.

தமிழில் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொருளின் பெயரிலேயே இருக்கிறது. முக்காலியின் மேல் ஒரு சுமையை வைத்தால், எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சமநிலை மட்டுமே சொல்லிவிடும். தெரியாதவை மூன்று, செங்குத்து விசைக்கு ஒன்று, இரு திசைகளில் திருப்புத்திறனுக்கு இரண்டு என்று சமன்பாடுகளும் மூன்று. தரை மேடுபள்ளமானாலும் முக்காலி ஆடாது. நாற்காலிக்கு வந்தால் தெரியாதவை நான்கு, சமன்பாடுகளோ அதே மூன்று. நான்காவது செய்தி சமநிலையிடமிருந்து வராது. கால்கள் எவ்வளவு நீளம், எவ்வளவு அமுங்கும், தரை எவ்வளவு மட்டம் என்ற அசைவுக் கணக்கிலிருந்துதான் வரும். ஆடுகிற நாற்காலியின் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் செருகுகிறவர், தமக்குத் தெரியாமலே ஓர் இணக்கச் சமன்பாட்டைத் திருத்துகிறார். மேலே உட்கார்ந்திருப்பவரின் எடை மாறவில்லை, கால்களின் எதிர்விசைக் கூட்டுத்தொகை மாறவில்லை. பங்கீடு மட்டும் மாறிவிடுகிறது.

பங்கீடுதானே என்று அலட்சியமாக விட முடியாது. 5 மீட்டர் இடைவெளியில் மூன்று தாங்கிகள் மேல் தொடர்ச்சியாகப் போகும் உத்தரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை, மொத்தம் 200. சமநிலையைக் கேட்டால், நடுத்தாங்கி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கட்டும், மீதியை ஓரங்கள் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லும். அதற்கு எல்லா விடையும் சம்மதம். மூன்று தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்ற இணக்க நிபந்தனையைச் சேர்த்தால்தான் நடுவில் 125, ஓரங்களில் 37.5 என்ற ஒரே விடை கிடைக்கும். அப்போது நடுத்தாங்கியின் மேல் உத்தரம் 62.5 கிலோநியூட்டன் மீட்டர் அளவுக்கு முதுகு வளைகிறது. மேற்பக்கக் கம்பியை அதற்காகத்தான் போடுகிறோம். இப்போது அந்த நடுத்தாங்கி 12 மில்லிமீட்டர் இறங்கட்டும். உத்தரம் 230க்கு 450, எம்25 தரக் கான்கிரீட், விரிசல் விழவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், நடு எதிர்விசை 125லிருந்து 100க்கு இறங்குகிறது. நடுத்தாங்கியின் மேல் இருந்த வளைவு முற்றிலும் மறைந்துபோகிறது. இடைவெளிகளுக்குள் அதிகபட்சம் 35 ஆக இருந்த கீழ்நோக்கிய வளைவு 62.5 ஆக ஏறுகிறது. அரை அங்குலம் கூட இல்லாத இறக்கம், மேலே போட்ட கம்பியை வேலையற்றதாக்கிக் கீழே போட்ட கம்பியின் வேலையை முக்கால் பங்கு கூட்டிவிடுகிறது. நிஜக் கான்கிரீட்டில் விரிசலும் காலப்போக்கில் ஏற்படும் ஊர்வும் இந்தக் கடுமையைத் தணிக்கும் என்பது உண்மைதான். ஆனால் திசை இதுதான்.

இனி ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு, அதாவது கட்டமைப்பைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறைக்கு வருவோம். இவ்விரண்டு நிபந்தனைகளையும் அந்த முறை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. நம் மென்பொருள்களில் பெரும்பாலும் இருப்பது இடப்பெயர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட வகை. அது முதலில் இணக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்ததாகத்தான் சமநிலையைத் தேடிப்போகிறது. ஒவ்வொரு கூறுக்குள்ளும் இடப்பெயர்ச்சி இந்த வடிவில்தான் மாறும் என்று நாமே ஒரு சட்டம் போடுகிறோம். பக்கத்துக் கூறுகள் ஒரே கணுக்களைப் பகிர்ந்துகொள்வதால் பிளவோ புகுதலோ நேராது. பிறகு கணுக்களில் மட்டும் விசைகள் ஈடாகும்படி சமன்பாடுகளைத் தீர்க்கிறோம். கூறின் உள்ளே, கூறுக்கும் கூறுக்கும் இடைப்பட்ட விளிம்பில், சமநிலை பொதுவாக இருக்காது. இது மென்பொருளின் பிழையன்று, முறையின் இயல்பு.

இதைக் கண்ணால் பார்க்க ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் ஒன்று போதும். வாயில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்ட 100 மீட்டர் குழாய், மீட்டருக்கு 5 கிலோ. மோட்டாரையும் தண்ணீரையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். மேல்முனையில் குழாய் 500 கிலோ இழுவையைத் தாங்குகிறது, அடிமுனையில் சுழியம், இடையில் நேர்கோடாகக் குறைந்துகொண்டே போகிறது. இதைச் சொல்லப் பொறியாளர் வேண்டாம், குழாய் இறக்குகிற ஆளே சொல்லிவிடுவார். இதையே ஒரே ஒரு நேரியல் கூறாகக் கணினிக்குக் கொடுத்தால், அது குழாயின் எடையை இரண்டாகப் பங்கிட்டு, 250 கிலோவை மேல் கணுவிலும் 250 கிலோவை அடிக்கணுவிலும் வைக்கும். அடியில் தொங்கும் 250 கிலோதான் குழாயை இழுக்கிறது. ஆகவே மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 250 கிலோ இழுவை என்பதுதான் அதன் விடை. மேல்முனையில் உண்மையில் பாதிதான் இது. எதுவுமே தொங்காத அடிமுனையிலோ 250 கிலோ இழுவை இருப்பதாகச் சாதிக்கிறது.

ஆனால் எதிர்விசையைக் கேட்டுப்பாருங்கள். குழாய் வழியே வரும் 250, நேரே மேல் கணுவில் வைத்த 250, இரண்டும் சேர்ந்து 500. அப்பழுக்கில்லாத விடை, சிவப்பு டிக் விழுந்துவிடும். அடிமுனை எவ்வளவு நீண்டு இறங்கியிருக்கிறது என்று கேட்டாலும் கச்சிதமான விடையே வரும். அது ஒற்றைப் பரிமாணக் கணக்குக்கு மட்டும் உள்ள தயவு, தளங்களிலும் கனப்பொருள்களிலும் எதிர்பார்க்கக் கூடாது. குழாயின் நடுப்புள்ளி இறங்கிய அளவைக் கேட்டால் உண்மையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும்.

அதே குழாயை இரண்டு கூறுகளாக்கினால் மேற்பாதியில் 375, கீழ்ப்பாதியில் 125. இணைக்கும் கணுவில் இழுவை திடீரென்று 250 கிலோ தாவுகிறது. அந்தத் தாவல் சரியாக அந்தக் கணுவில் நாம் வைத்த சுமைக்குச் சமம் என்பதால் கணுவின் சமநிலை கெடவில்லை. நான்கு கூறுகளில் 437.5, 312.5, 187.5, 62.5. பத்துக் கூறுகளில் மேல்கூறு 475க்கு வந்துவிடும். கூறுகளை இரட்டிப்பாக்க ஆக்க மேல்முனைப் பிழை பாதி பாதியாகக் குறைகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: ஒவ்வொரு கூறின் நடுப்புள்ளியிலும் விடை எப்போதும் சரி. 50 மீட்டர் ஆழத்தில் குழாயில் உள்ள இழுவை உண்மையிலேயே 250தான். தகைவை விளிம்பில் படிக்காதே, கூறின் உள்ளே குறிப்பிட்ட புள்ளிகளில் படி என்று பாடநூல்கள் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

படிக்கட்டுப் போலத் தாவும் இந்த விடைதான் முறையின் நேர்மை. அதை மறைப்பது நாம்தான். பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு கணுவைச் சுற்றியுள்ள கூறுகளின் தகைவுகளைச் சராசரியாக்கி, நீலத்திலிருந்து சிவப்புவரை வழுக்கிக்கொண்டு போகும் வண்ணப்படமாகக் காட்டுகின்றன. வாடிக்கையாளருக்குக் காட்ட அது நல்ல படம். பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது சராசரியாக்காத படத்தை. எங்கே தாவல் பெரிதாக இருக்கிறதோ அங்கே கூறுகள் போதவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடும். சராசரி என்பது இங்கே சுண்ணாம்பு பூசி விரிசலை மறைப்பதற்குச் சமம்.

வரலாற்றைப் பார்த்தால், இணக்கத்தை முதலில் பிடித்துக்கொண்டு சமநிலையைப் பிறகு துரத்துவது கணினியோடு வந்த புத்தியன்று. 1930இல் அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் வெளியிட்ட திருப்புத்திறன் பங்கீட்டு முறையும் அதேதான். எல்லா மூட்டுகளையும் முதலில் பூட்டிவிடுகிறோம். அசைவில்லை, ஆகவே இணக்கத்துக்குக் குறைவில்லை, சமநிலை மட்டும் இல்லை. பிறகு ஒவ்வொரு மூட்டாகத் திறந்துவிட்டு, மிச்சமுள்ள திருப்புத்திறனை விறைப்பின் விகிதத்தில் பங்கிட்டு, மறுபடியும் பூட்டி, அடுத்ததற்குப் போகிறோம். சுற்றுக்குச் சுற்று பாக்கி குறைகிறது. தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக அந்த அட்டவணையை நிரப்பியவர்களுக்கு இது நினைவிருக்கும். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமானச் சிறகுகளின் விறைப்பைக் கணக்கிட முக்கோணக் கூறுகளை முன்வைத்தார்கள். அந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை ரே கிளஃப் 1960இல் சூட்டினார். வேறுபாடு அளவில்தான்: கிராஸ் ஒவ்வொரு மூட்டாகத் திறந்தார், கணினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறக்கிறது.

இன்ன வடிவில்தான் நீ வளையலாம் என்று பொருளுக்கு நாம் சட்டம் போடுவதால், கணக்கில் வரும் கட்டமைப்பு நிஜத்தைவிட விறைப்பாகவே இருக்கும். சுமையால் ஏறும் ஆற்றல் குறைத்தே மதிப்பிடப்படும். இறக்கங்களும் பொதுவாகக் குறைவாகவே வரும். எதிர்த் திசையிலிருந்து வரவும் வழி உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஃப்ரெய்ஸ் டி வ்யூபெக் 1960களில் அப்படி வந்தார்: கூறுக்குள்ளும் விளிம்புகளிலும் சமநிலையை முதலில் உறுதிசெய்துகொண்டு, இணக்கத்தைத் தோராயமாக விட்டார். ஒரு விடை உண்மையை அடியிலிருந்து நெருங்க, மற்றது மேலிருந்து நெருங்கும். இரண்டையும் போட்டால் பிழை எவ்வளவு என்பது நடுவில் சிக்கிக்கொள்ளும். அறிவுக்கு இதைவிட நிறைவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றாட வேலையில் யாரும் இரண்டு முறை கணக்குப் போடப் போவதில்லை என்பதால் அது பெரும்பாலும் ஆய்வுலகத்தோடு நின்றுவிட்டது.

கூறுக்குள் சமநிலை இல்லாமல் போவது காகிதக் குறையோடு நின்றுவிடாது என்பதற்கு நார்வே நாட்டின் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையே சாட்சி. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட அதன் கான்கிரீட் அடிப்பகுதியில் 24 பெரிய அறைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோண வடிவில் ஒரு சிறு வெற்றிடம். அதற்குள் கடல்நீர் இருக்கும், சுற்றியுள்ள அறைகளோ வெறுமையாக இருக்கும். 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் அருகே காண்ட்ஸ்ஃபியோர்ட் என்ற கடற்கழியில் மேல்தளத்தைப் பொருத்துவதற்கு ஆயத்தமாக அதைத் தாழ்த்திக்கொண்டிருந்தபோது, நீரழுத்தம் சுமார் 65 மீட்டரை எட்டிய நிலையில் அந்த முக்கோணச் சுவர் ஒன்று வெட்டுண்டது. உள்ளே பாய்ந்த நீரை இறைக்கும் எந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேடை மூழ்கி, ஆழம் செல்லச் செல்ல அறைகள் நொறுங்கி, கடலடியில் மோதியபோது 3.0 ரிக்டர் அளவுக்கு நில அதிர்வு பதிவாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, பொருளிழப்பு சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

விசாரணையில் இரண்டு காரணங்கள் வெளிவந்தன. முக்கோண முனையில் போட்டிருந்த குறுக்குக் கம்பிகள் போதிய நீளம் இல்லாமல் நின்றுவிட்டன என்பது ஒன்று. மற்றது நம் கதை: அந்தச் சுவர்களைப் பெரிய, கோணலான கூறுகளால் மாதிரி செய்திருந்ததால், கூறுகளின் தகைவுகளிலிருந்து பெற்ற வெட்டுவிசை, அதாவது சுவரைக் குறுக்கே அறுக்க முயலும் விசை, உண்மையைவிடச் சுமார் 45 சதவீதம் குறைவாக வந்திருந்தது. விபத்துக்குப் பின் நுணுக்கமான மாதிரியில் கணக்கிட்டபோது சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது, உடைந்தது 65இல்.

இந்தக் கணக்கை ஒரு தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் என்னை உலுக்கியது. அந்தச் சுவரின் இடைவெளி சுமார் 4.4 மீட்டர். 65 மீட்டர் நீரழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோநியூட்டன். சுவர் இரு முனைகளிலும் சமச்சீராகப் பிடிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முனைக்கும் பாதிச் சுமை: 650ஐ 2.2ஆல் பெருக்கினால் மீட்டர் உயரத்துக்கு 1430 கிலோநியூட்டன். விறைப்பு என்ன, கூறு எந்த வகை, விரிசல் உண்டா என்ற எதுவும் இந்த விடையை மாற்றாது, ஏனென்றால் இது தூய சமநிலை, முக்காலியின் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், கணுக்களில் சமநிலை காக்கப்படுவதால், தகைவுகளை விட்டுவிட்டு அதே மாதிரியின் கணுவிசைகளை முனையில் கூட்டியிருந்தால், அந்தக் கரடுமுரடான கூறுகளிலிருந்தே இந்த எண் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. குழாயின் மேல்முனையில் இழுவை 250 என்று பொய் சொன்ன அதே கணக்குதான் எதிர்விசை 500 என்று மெய்யும் சொன்னது அல்லவா?

இணக்கத்தின் பக்கம் திரும்பினால், அதைக் கண்மூடிக் காப்பதும் நல்லதன்று என்பதை இந்தத் துறை அடிபட்டுக் கற்றது. நான்கு கணுக்கள் கொண்ட எளிய நாற்கரக் கூறின் பக்கங்கள் நேர்கோடாகவே இருக்கக் கட்டாயப்பட்டவை. அதை வளைத்தால் பக்கங்கள் வளையாமல், உள்ளே இல்லாத வெட்டுத்திரிபை உண்டாக்கிக்கொண்டு விறைத்து நிற்கும். நீளமான கூறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 1973இல் எட்வர்ட் வில்சனும் உடன் பணியாற்றியவர்களும் துணிந்து, கூறின் பக்கங்கள் தன்னிச்சையாக வளையட்டும், பக்கத்துக் கூறோடு கணுக்களுக்கு இடையே சற்றே பிளந்தோ புகுந்தோ போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். வளைவு அருமையாக வந்தது. செவ்வகமாகவோ இணைகரமாகவோ இருக்கும்வரை எல்லாம் நலம். கூறு கோணலானதும், சீரான ஒரே தகைவைக்கூடச் சரியாகக் காட்டத் தவறியது. 1976இல் டெய்லர், பெரஸ்ஃபோர்டு, வில்சன் மூவரும் அதைத் திருத்தினார்கள். இப்படிப்பட்ட கூறுகளைச் சோதிக்கும் உரைகல்லைப் புரூஸ் அயர்ன்ஸ் 1965 வாக்கிலேயே கொடுத்திருந்தார்: கோணலான சில கூறுகளை ஒட்டுப்போட்டு, விளிம்பில் சீரான திரிபைக் கொடுத்தால் உள்ளேயும் அதே சீரான திரிபு வர வேண்டும். இணக்கத்தை எவ்வளவு மீறலாம் என்பதற்கான எல்லைக்கோடு அதுதான். இன்றைய மென்பொருள்களில் பலவற்றுக்குள் இப்படித் திட்டமிட்டு மீறுகிற கூறுகள் ஒளிந்திருக்கின்றன; அவை தெரிந்து செய்த மீறல்கள். என் சமுதாயக் கூடத்தில் நடந்தது தெரியாமல் செய்தது.

அந்தத் தவறு அப்படியே வரைபடமாகிக் கட்டப்பட்டிருந்தால் கூரை விழுந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொருள் உடையாமல் இளகிக் கொடுப்பதைக் கணக்கில் எடுக்கும் பிளாஸ்டிக் கொள்கையின் கீழ்வரம்புத் தேற்றம் ஓர் ஆறுதலைத் தருகிறது: சமநிலையில் இருக்கும் ஏதோ ஒரு விசைப் பங்கீட்டுக்கு ஏற்ப எல்லா இடத்திலும் வலிமை கொடுத்திருந்தால், பொருள் உடையாமல் இழுபடும் தன்மையுடையதாகவும் இருந்தால், அந்தச் சுமையில் கட்டமைப்பு விழாது. இணக்கம் பொருந்தவில்லை என்பது பொருட்டல்ல. நிஜப் பொருள் அங்கங்கே இளகிக் கொடுத்துத் தானே பொருத்திக்கொள்ளும். நம் ஊரில் தோராயக் கணக்கில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். திருப்புத்திறனை 30 சதவீதம்வரை மறுபங்கீடு செய்துகொள்ள இந்தியத் தர நெறி ஐஎஸ் 456 இடம் கொடுப்பதும் இந்த நம்பிக்கையில்தான். என் தளம் 8க்கு 10 மீட்டரையும் தானே தாண்டுவதற்கான கம்பியோடு இருந்திருக்கும். எனவே தேற்றத்தின்படி தப்பித்திருக்கலாம்.

ஆனால் கான்கிரீட்டுக்குத் தேற்றம் தெரியாது. தளத்தையும் உத்தரத்தையும் ஒரே வார்ப்பாக வார்த்த பிறகு, இரண்டும் சேர்ந்தே இறங்கும். விறைப்பான உத்தரம் தன் பங்கைக் கேட்டு வாங்கும். தன் எடையால் வரும் 34.5 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறனுக்கு மட்டும் கம்பி போட்ட உத்தரத்தின் மேல் அதைப் போல் ஏழெட்டு மடங்கு வந்து உட்காரும். கம்பி இளகுவதற்கு முன் அது வெட்டுவிசையில் முறிந்தால் இளகுதலுக்கு இடமே இல்லை; வெட்டு முறிவு முன்னறிவிப்புக் கொடுக்காது, ஸ்லைப்னரில் நடந்ததும் அதுதான். முறியாமல் தப்பினாலும், உத்தரத்துக்கு மேலே தளத்தின் முதுகுப்புறம் இழுவிசைக்கு ஆளாகும். அங்கே நான் கம்பியே கேட்கவில்லை. உத்தரத்தின் நீளத்துக்கு மேலே ஒரு விரிசல், அதன் வழியாக முதல் ஐப்பசி மழையிலேயே ஒழுக்கு. விழாத கூரையும் நல்ல கூரை ஆகிவிடாது. எனவே இரண்டில் ஒன்றில்தான் தவற வேண்டும் என்றால் இணக்கத்தில் தவறிக்கொள், சமநிலையில் தவறாதே என்று சொல்லும் பழைய பொறியாளர்களோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். இளகிக் கொடுக்காத வெட்டுவிசைக்கும், நீர் நிற்கும் கூரைக்கும் அந்தச் சலுகையை நீட்ட மாட்டேன்.

மாதிரியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உத்தரத்தைத் தளத்தின் கணுக்கள் வரும் இடங்களிலெல்லாம் வெட்டி, கணுக்களைப் பொதுவாக்கி, மறுபடி ஓட்டினேன். உத்தரத்தின் நடுவில் திருப்புத்திறன் சுமார் 250 கிலோநியூட்டன் மீட்டர். தளமும் உத்தரமும் சேர்ந்து நடுவில் 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. தளச் சுமையைச் சரிவகமாகப் பங்கிட்டுக் கையால் போட்டால் 278 வருகிறது. அந்த வித்தியாசம் பிழையன்று: கைக்கணக்கு உத்தரத்தை அசையாத தாங்கியாக எண்ணிச் சுமையைப் பிரிக்கிறது, நிஜத்தில் அதுவும் கொஞ்சம் இறங்குவதால் தளம் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இணக்கம் செய்கிற வேலை இந்த 28தான் என்று தோழியிடம் சொன்னது நினைவிருக்கிறது.

பழைய தாள், புதிய தாள் இரண்டையும் மூத்தவரிடம் கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல எதிர்விசைகளைக் கூட்டினார். முதல் தாளில் 594.5, இரண்டாவதில் 594.5. பென்சிலை எடுத்தவர் டிக் போடாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு முதல் தாளின் ஓரத்தில் 23 என்றும், அதற்குக் கீழே 1 என்றும் எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். அடுத்த நாளிலிருந்து, ரியாக்‌ஷன் கூட்டிப் பார்த்தாயா என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொன்றும் வரத் தொடங்கியது: "ஸ்லாப் எவ்வளவு எறங்குது, பீம் எவ்வளவு எறங்குது, சொல்லு."